உயில் எழுதும் வழக்கறிஞர்

‘உயில்’ என்பது தமிழ்ச் சொல் என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். ‘உயிர்’ என்ற சொல்லுக்கு அடுத்த வீட்டுக்காரர் போல் அது ஒலிப்பதே காரணம். உண்மையில் ‘வில்’ என்னும் ஆங்கிலச் சொல் நம்மவர் நாவில் பட்டுத் திரிந்த வடிவமே அது. சொல் வந்த வழியில் சட்டமும் வந்தது. 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே இன்றும் உயிலின் இலக்கணம். அந்த இலக்கணத்தை நன்கு கற்று, இறந்தவரின் விருப்பத்தை இருப்பவர்களிடம் கொண்டு சேர்க்கும் வழக்கறிஞரின் தொழிலைப் பற்றியே இக்கட்டுரை.

இதில் எனக்கு நாட்டம் பிறந்தது நூலகத்தில் அன்று, எங்கள் வீட்டில். என் தாயாரின் தந்தை தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் சம்பாத்தியத்தில் கட்டிய ஒரே வீட்டை, மணமாகாமல் தம்மைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட என் சித்திக்கே தருவதாக ஒரு நோட்டில் எழுதி, தேதியிட்டு, கையொப்பமும் இட்டிருந்தார். பாட்டி முன்பே காலமாகிவிட்டார். தாத்தா மறைந்தபின் நோட்டை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போனோம். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “இது உயில் இல்லை அம்மா, கடிதம்” என்றார். எழுத்து தாத்தாவுடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் சாட்சி ஒருவர்கூட இல்லை. ஆகவே 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு ஐந்து மக்களுக்கும் சமபங்காயிற்று. என் தாயார் தம் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதித் தங்கைக்கு விட்டார். மாமன்மார் மூவரும் விடவில்லை. அவர்களைக் குறைசொல்லவும் இயலாது. அவர்கள் வீட்டிலும் கலியாணத்திற்குப் பெண்கள் இருந்தார்கள். வீடு விற்கப்பட்டது.

சட்டம் கேட்பது என்ன? 63 ஆம் பிரிவு கூறுவது மிகச் சிறிது. எழுதி வைப்பவர் கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையொப்பமிடுவதைக் கண்டோ, ‘இது என் கையொப்பமே’ என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையிலேயே தாங்களும் கையொப்பமிட வேண்டும். 1927 ஜனவரி 1 முதல் இந்துக்கள் எழுதும் எல்லா உயில்களுக்கும் இவ்விதி பொருந்தும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வதும் அவரவர் விருப்பமே. சட்டச் சொற்கள் எவையும் தேவையில்லை என்று அச்சட்டமே கூறுகிறது. அப்படியானால் வழக்கறிஞருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும்.

வேலை சாட்சியில் தொடங்குகிறது. பிற பத்திரங்களில் தகராறு வந்தால் எழுதிக்கொடுத்தவரையே கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். உயிலோ எழுதியவர் இறந்த பின்னரே பேசத் தொடங்குவது. சாட்சிகளில் ஒருவரேனும் உயிரோடு இருந்தால், அவரை நீதிமன்றத்தில் விசாரித்தே உயிலை மெய்ப்பிக்க வேண்டும். எனவே அனுபவம் மிக்க வழக்கறிஞர் எழுதுபவரின் ஒத்த வயது நண்பரைச் சாட்சியாக ஏற்கத் தயங்குவார். இளையவராக, உள்ளூரில் நிலையாக வாழ்பவராக, உயிலால் காசு பெறாதவராகத் தேடுவார். எங்கள் வழக்கறிஞர் சொன்னது: “உயிலில் முதலில் நான் பார்ப்பது சொத்து விவரத்தை அல்ல, சாட்சியின் வயதை.”

அடுத்தது, கேட்டறிதல். முதியவர் ஒருவர் மகனோடு வருகிறார். மகனே பேசுகிறான், அவர் தலையாட்டுகிறார். நல்ல வழக்கறிஞர் மகனை வெளியே காப்பி குடித்து வர அனுப்பிவிட்டுத்தான் தாளை எடுப்பார். இது வெறும் நாகரிகம் அன்று. வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா என்னும் வழக்கில் 1958 இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. உயிலின் பிறப்பில் ஐயத்திற்குரிய சூழ்நிலை இருந்தால், அதை அகற்றி நீதிமன்றத்தின் மனச்சான்றை நிறைவு செய்யும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது. நடுங்கிய கையொப்பம், தளர்ந்த மனநிலை, காரணமின்றி விலக்கப்பட்ட வாரிசு, பெரும்பயன் அடைபவரே உயில் எழுதுவதில் முன்னின்றது போன்றவை ஐயம் தருபவை. பதிவு செய்துவிட்டால் மட்டும் இந்த ஐயங்கள் தீர்ந்துவிடா. ஆகவேதான் மூத்த மகனுக்கு ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரிக் காரணத்தை உயிலிலேயே எழுதச் சொல்வர்.

உயிலா, செட்டில்மெண்டா என்பது அடுத்த வினா. நம் ஊர்களில் இரண்டையும் ஒன்றாகவே நினைப்பவர் பலர். உயில் எழுதியவர் தம் ஆயுள் முழுதும் உரிமையாளராகவே இருப்பார். நினைத்தபோது மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மெண்ட் பத்திரமோ பதிவானவுடன் உரிமையை மாற்றிவிடும்; பொதுவாகத் தாமாகத் திரும்பப் பெற இயலாது. அன்பு மிகுதியால் வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு அதே வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்ட பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அது மீறப்பட்டால், 2007 ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி தீர்ப்பாயத்தை அணுகி அம்மாற்றத்தைச் செல்லாததாக்க வழியுண்டு. ஆயினும் வழியுண்டு என்பது வேறு, எழுபது வயதில் அவ்வழியே நடப்பது வேறு.

மொழி மாணவர்களுக்குச் சுவையான விதி ஒன்றும் உண்டு. ஒரு பத்திரத்தில் ஒன்றுக்கொன்று முற்றிலும் முரணான இரு வாசகங்கள் இருந்தால் முந்தியதே நிற்கும். உயிலிலோ பிந்தியதே நிற்கும். கடைசியாகச் சொன்னதே மனிதனின் இறுதி விருப்பம் என்பது அதன் அடிப்படை. எனவே “வீட்டை என் மனைவிக்கு முழு உரிமையோடு அளிக்கிறேன், அவளுக்குப் பின் என் மகன் அடைய வேண்டியது” என்ற ஒரு வாக்கியம் பல ஆண்டு வழக்குக்குப் போதும். மனைவி அதை விற்கலாமா, கூடாதா? ‘முழு உரிமையோடு’ என்ற இரு சொற்களுக்காக மேல்முறையீடு வரை போக நேரும்.

இறப்புக்குப் பின் வருவது புரொபேட் நடைமுறை. உயிலில் பெயரிடப்பட்ட நிறைவேற்றுநர், உயர் நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ மனுச் செய்து, உயில் உண்மையானது என்று பெறும் சான்றே புரொபேட். எவரேனும் ஆட்சேபித்தால் மனு வழக்காக மாறும். அந்நீதிமன்றம் உயில் மெய்யா என்று மட்டுமே பார்க்கும்; சொத்து இறந்தவருடையதுதானா என்று பார்க்காது. சென்னை நகரச் சொத்து குறித்த இந்துக்களின் உயிலுக்கு இச்சான்று நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. அதை வலியுறுத்திய 213 ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கியது. இனி விரும்பினால் பெறலாம். தகராறு உள்ள குடும்பங்கள் பெறவே செய்யும்.

இத்தொழிலுக்கு வர நினைப்போருக்குச் சில சொற்கள். பட்டம் பெற்றபின் மூன்றாண்டுச் சட்டப்படிப்பு; பின்னர் 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிவு; அகில இந்திய பார் தேர்வு. மேலை நாடுகளைப் போல் உயிலுக்கென்றே தனி வழக்கறிஞர் நம் சிற்றூர்களில் அரியர். சிவில் வழக்கறிஞரே இதையும் பார்ப்பார். வருமானமும் விந்தையானது. உயில் எழுதக் கிடைப்பது சிறு தொகை. தவறாக எழுதப்பட்ட உயிலை வழக்காடக் கிடைப்பது பெருந்தொகை. நன்றாக எழுதுபவர் தம் வருங்கால வருவாயைத் தாமே குறைத்துக்கொள்கிறார் என்று வழக்கறிஞர்களே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சென்ற ஆண்டு சித்தி தம் பங்குத் தொகைக்கும் நான்கு பவுன் சங்கிலிக்கும் உயில் எழுதினார். சாட்சிக்கு என்னை வரச் சொன்னார். வழக்கறிஞர் என்னை ஏறிட்டுப் பார்த்து, “தம்பிக்கு இதில் ஏதாவது உண்டா?” என்று கேட்டார். சித்தி சிரித்தார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அண்டை வீட்டுத் தையற்காரரும் அவர் மனைவியும் உள்ளே போனார்கள்.