வால்வு வில் மாற்றும்போது உருளையில் ஏற்படும் காற்றுக் கசிவு

மாணவர்களே, வால்வை மூடிய நிலையில் வைத்திருப்பது வால்வு வில் ஆகும். வில்லைக் கழற்றினால் வால்வு உருளைக்குள் விழலாம். விழுந்தால் உருளைத் தலையையே கழற்ற நேரிடும். இதைத் தவிர்க்க, முசலத்தை மேலெல்லையில் நிறுத்தி, பிளக் துவாரத்தின் வழியே அமுக்கிய காற்றைச் செலுத்துவர். காற்றமுக்கம் வால்வை அதன் இருக்கையுடன் அழுத்திப் பிடிக்கும். காற்று கசிந்தால் இப்பிடி தளரும். ஆகவே வில்லைக் கழற்றுமுன் கசிவைச் சோதித்தல் வேண்டும்.

1. முதற் சோதனை
நாலடிப்பு எஞ்சினில் முசலம் இரு தடவை மேலெல்லைக்கு வரும். நெருக்கல் அடிப்பின் முடிவில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். வெளியகற்றல் அடிப்பின் முடிவில் இரண்டும் சற்றுத் திறந்திருக்கும். இந்நிலையில் பழுதற்ற எஞ்சினிலும் காற்று கசியும். அவ்வாறாயின் காற்றை நிறுத்தி, கிராங்க் தண்டை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி மீண்டும் சோதிக்க.

2. சத்தம் கேட்கும் இடமும் காரணமும்
• காற்று உள்ளெடுக்கும் குழாய் – உள்ளெடுத்தல் வால்வு
• புகைக்குழாய் – வெளியகற்றல் வால்வு
• எண்ணெய் ஊற்றும் வாய் – முசல வளையங்கள் (சிறு கசிவு இயல்பானது)
• ரேடியேற்றர் நீரில் குமிழிகள் – தலைக் காஸ்கட் பழுது அல்லது வெடிப்பு
• அடுத்த பிளக் துவாரம் – இரு உருளைகளுக்கிடையே காஸ்கட் பழுது

3. பரிகாரம்
வால்வு கசிந்தால், ரொக்கரைத் தளர்த்தி, வால்வுத் தண்டின் நுனியில் மென்சுத்தியலால் இலேசாகத் தட்டுக. இருக்கையில் சிக்கிய கரித்துகள் காற்றுடன் அகலக்கூடும். அதன் பின்னும் பெருங்கசிவு இருப்பின் வால்வு அல்லது இருக்கை பழுதடைந்திருக்கலாம். அப்போது வில்லை மாத்திரம் மாற்றிப் பயனில்லை. தலையைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஞாபகத்திற் கொள்க
• காற்றமுக்கம் கிராங்க் தண்டைத் திடீரெனச் சுழற்றலாம். கையை அகற்றி வைக்க.
• ரேடியேற்றர் மூடியை எஞ்சின் குளிர்ந்த பின்னரே திறக்க.
• வில்லின் பூட்டுத் துண்டுகள் தெறிக்கும். கண்ணாடி அணிக.
• வில் பூட்டி முடியும்வரை காற்றை நிறுத்தலாகாது.

மாதிரி வினா
முசலம் மேலெல்லையில் உள்ளது. காற்றைச் செலுத்தியதும் உள்ளெடுக்கும் குழாயிலும் புகைக்குழாயிலும் ஒருங்கே சத்தம் கேட்கிறது. முதலில் யாது செய்வீர்?

விடை: முசலம் வெளியகற்றல் அடிப்பின் முடிவில் இருக்கலாம். எனவே காற்றை நிறுத்தி, கிராங்க் தண்டை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி மீண்டும் சோதிப்பேன். (“வால்வுகள் பழுது” என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது.)