மெல்லொலியின் நெடும்பயணம்

நுழையும்முன்

தொலைவில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமானால் உரக்கக் கூவ வேண்டும் என்பது பொதுவான எண்ணம். குறைந்த ஆற்றலில் அனுப்பப்படும் செய்தியும் மெதுவாகவும் ஒழுங்காகவும் சொல்லப்பட்டால் கடல் கடந்து சென்று சேரும் என்று காட்டியிருக்கிறது தன்னார்வ வானொலி. புயலும் வெள்ளமும் அடிக்கடி வந்துபோகும் காவிரிப் படுகைக்கு அந்த அறிவு ஏன் தேவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வானொலி வளர்த்த நெல்

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'ஆடுதுறை 27' என்னும் குறுகிய கால நெல் 1960களில் தஞ்சை வயல்களுக்கு வந்தது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் உழவர் நிகழ்ச்சிகள் அதன் சிறப்பையும் சாகுபடி முறையையும் ஊர்தோறும் கொண்டுசென்றன. அதனால் உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு அழைத்தனர். கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று வயலில் கதிராக விளைந்ததற்கு அப்பெயரே சான்று.

அந்த ஒலிபரப்பின் பின்னே பேராற்றல் கொண்ட நிலையமும் உயர்ந்த கம்பமும் இருந்தன. அவை இல்லாத ஒரு தனிமனிதர் தம் வீட்டுக் கொல்லையில் கட்டிய கம்பியைக் கொண்டு தொலைநாட்டுக்குச் செய்தி அனுப்ப இயலுமா? இயலும் என்கின்றனர் 'ஹாம்' எனப்படும் தன்னார்வ வானொலியாளர்கள். இவர்கள் ஊதியத்துக்காக அன்றி, அறிவு வேட்கையால் வானொலியைப் பயில்பவர்கள். அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்கள். இந்தியாவில் 12 வயது நிறைந்தவர் இத்தேர்வை எழுதலாம்.

நீண்ட அலைகள்

அதிர்வெண் குறையக் குறைய அலைநீளம் கூடும் என்பது இயற்பியல் விதி. 137 கிலோ ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அலையின் நீளம் ஏறத்தாழ 2,190 மீட்டர். இத்தகைய நீண்ட அலைகள் நிலத்தை ஒட்டியே நெடுந்தொலைவு செல்லும். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் அவ்வடுக்கு மறைவதால் அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி மேலும் தொலைவை அடைகின்றன. பகலில் கேளாத வெளியூர் மத்திய அலை நிலையங்கள் இரவில் தெளிவாகக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

குறைந்த அதிர்வெண்ணின் ஆற்றலைத் தமிழகத்திலேயே காணலாம். திருநெல்வேலி மாவட்டம் விசயநாராயணத்தில் 1990இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம், மிகக் குறைந்த அதிர்வெண் அலைகளால் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது.

தன்னார்வலர்களுக்கு அத்தகைய பெரிய கட்டமைப்பு இல்லை. 2007இல் நடந்த உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையையும், 2012 மாநாடு 472 முதல் 479 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையையும் தன்னார்வ வானொலிக்கு ஒதுக்கின. எனினும், ஒவ்வொரு நாட்டின் விதிகளுக்கு உட்பட்டே இவற்றைப் பயன்படுத்த வேண்டும். முதற்பட்டையில் ஆண்டெனாவிலிருந்து வெளிப்படும் ஆற்றல் 1 வாட்டுக்கு மேற்படக் கூடாது. இது மிகக் குறைந்த ஆற்றலே.

ஆண்டெனா அமைப்பதும் எளிதன்று. அலைநீளத்தில் கால்பங்கு உயரமுள்ள கம்பமே சிறந்தது. 137 கிலோ ஹெர்ட்ஸுக்கு அவ்வுயரம் ஏறத்தாழ 547 மீட்டர்; அதாவது, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல் எட்டு மடங்குக்கும் மேல்! எனவே, ஹாம்கள் குட்டையான கம்பத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. அதனால் பரப்பியிலிருந்து வரும் ஆற்றலின் பெரும்பகுதி நிலத்தில் வெப்பமாக வீணாகிறது. இவ்விடத்தில் காவிரிப் படுகைக்கு இயற்கை தந்த ஒரு நன்மை உண்டு. நீர் நின்ற வயலின் களிமண்ணும் வேதாரண்யத்து உப்புச் சதுப்பும் மின்னோட்டத்தை நன்கு கடத்துவன. அங்கே அந்த வீண் குறையும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையின் மின்னல்களோ ஏற்பியை இரைச்சலால் நிரப்பிவிடும். நிலம் துணைநிற்க, வானம் தடை செய்கிறது.

இரைச்சலுக்குள் ஒரு செய்தி

இரைச்சலில் மூழ்கிய சைகையை மீட்பது எப்படி? அதற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க வானியலாளர் ஜோசப் டெய்லர். சிறுவயதிலேயே ஹாம் வானொலியில் ஈடுபட்ட இவர், இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்தமைக்காக ரசல் ஹல்சுடன் 1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். துடிப்பு விண்மீன்களின் சைகைகள் மிக மெலிந்தவை. உதகையில் 1970இல் அமைக்கப்பட்ட 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கியும் அத்தகைய மெல்லிய சைகைகளை ஆய்வதே. விண்ணைக் கேட்டுப் பழகிய அறிவை மண்ணுக்குக் கொண்டுவந்த டெய்லர், 2008இல் 'விஸ்பர்' என்னும் முறையை உருவாக்கினார். அப்பெயர் கிசுகிசுப்பு எனப் பொருள்படும்.

விஸ்பர் முறையில் ஒரு செய்தி 50 பிட்டுகளே கொண்டது. அவற்றுள் 28 அனுப்புநரின் அழைப்புக் குறியையும், 15 அவர் இருக்கும் கட்டத்தையும், 7 பரப்பியின் ஆற்றலையும் குறிக்கும். இச்சிறு செய்தியை அனுப்ப ஏறத்தாழ 110 நொடிகள் ஆகின்றன. பேச்சுக்கு ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் பட்டை அகலம் தேவைப்பட, விஸ்பருக்கு 6 ஹெர்ட்ஸ் போதும். மடையைச் சிறிதாகத் திறந்தால் உள்ளே வரும் வெள்ளம் குறைவதுபோல, பட்டை குறுகும்போது உள்ளே நுழையும் இரைச்சலும் குறைகிறது. பேச்சுப் பட்டையில் உள்ள இரைச்சலின் ஆற்றலில் ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்கே உள்ள சைகையையும் கணினி மீட்டுவிடுகிறது.

இதற்கு இரண்டு உடன்பாடுகள் அடிப்படை. முதலாவது, காலம். அனுப்புநரும் கேட்பவரும் தம் கடிகாரங்களை நொடி பிசகாமல் ஒப்பிட்டு வைத்திருப்பர். அனுப்புதல் இரட்டைப்படை நிமிடத்தில்தான் தொடங்கும். இரண்டாவது, அமைப்பு. 50 பிட்டுகள் 162 குறிகளாக விரித்து எழுதப்படுகின்றன. சில குறிகள் வழியில் அழிந்தாலும் எஞ்சியவற்றைக் கொண்டு முழுச்செய்தியை அறியலாம். திருவையாற்று ஆராதனைக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவருக்கு ஆரவாரத்தினூடே ஓரிரு சொற்களே கேட்கலாம். தாளமும் பாட்டும் அறிந்தவர் என்றால், விட்டுப்போன சொற்களை அவர் மனமே நிரப்பிக்கொள்ளும். விஸ்பரும் அவ்வாறே இயங்குகிறது.

2017இல் டெய்லரும் ஸ்டீவன் ஃபிராங்கும் இணைந்து 'எஃப்.டி.8' முறையை வெளியிட்டனர். 15 நொடிக்கு ஒருமுறை இருவர் மாறி மாறிக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ள அது உதவுகிறது.

> தெரிந்து தெளிவோம்
> ஹாம்கள் உலக வரைபடத்தை 2 பாகை நெடுக்கமும் 1 பாகை அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்துள்ளனர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் ஆகியன 'எம்.கே.90' என்னும் ஒரே கட்டத்தில் அடங்கும். சற்று வடக்கே உள்ள மயிலாடுதுறை 'எம்.கே.91' கட்டத்தைச் சேர்ந்தது.

பேரிடர் நேரத்தில்

2004 டிசம்பரில் ஐதராபாத்தைச் சேர்ந்த தேசியத் தன்னார்வ வானொலி நிறுவனத்தின் குழுவொன்று, பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானின் போர்ட் பிளேரில் வானொலி நிலையம் அமைத்து உலக ஹாம்களுடன் பேசிக்கொண்டிருந்தது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. வழக்கமான தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்கிற்கெனச் சென்ற அக்குழுவின் குறுஅலை நிலையம் அன்றே அவசரச் செய்தி நிலையமாக மாறி, தீவுகளில் இருந்தோர் நிலையைப் பெருநிலத்தில் கலங்கிக் காத்திருந்த உறவினருக்குத் தெரிவித்தது. தமிழகத்தில் அதே அலையால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கு மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் இல்லாத இடத்தில் கைப்பேசிக் கோபுரமும் வாய்மூடிவிடும். அந்நிலையில், மின்கலத்தால் இயங்கும் சிறு பரப்பியும் மரத்தில் கட்டிய கம்பியும் ஓர் ஊரின் குரலாக முடியும்.

விஸ்பரால் 'படகு வேண்டும்' என்று சொல்ல இயலாது. 50 பிட்டுகளில் அதற்கு இடமில்லை. ஆபத்தில் பேச்சும் மோர்சு குறியும் பிற எழுத்து முறைகளுமே துணை. ஆனால், எந்தப் பட்டை, எந்தப் பொழுதில், எந்த ஊரை எட்டும் என்பதை நாள்தோறும் அமைதிக் காலத்தில் அளந்து சொல்வது விஸ்பரே. உலகெங்கும் உள்ள ஏற்பிகள் தாம் கேட்டவற்றை இணையத்தில் ஒரே தொகுப்பாகப் பதிகின்றன. அப்பதிவைப் பயின்றவர், புயலன்று எந்தப் பட்டையை நாடுவதெனத் தடுமாற மாட்டார். வெள்ளம் வருமுன் கரையை உயர்த்துவது காவிரிக் கரை மக்கள் அறிந்த பாடம். அமைதிக் காலத்தில் அலைகளின் வழியை அறிந்து வைப்பதும் அத்தகைய முன்னேற்பாடே.

உரத்த குரல்கள் அடங்கிப்போகும் நாளில் மெல்லிய குரல் ஒன்று கேட்கும். அதைக் கேட்பதற்கு, முன்பே பழகிய செவிகள் இருக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. இரவில் உங்கள் வீட்டு வானொலியில் மத்திய அலை நிலையங்களைத் தேடிக் கேளுங்கள். பகலில் கேளாத நிலையங்களைப் பட்டியலிடுக.
2. உங்கள் ஊரின் அகலாங்கு, நெட்டாங்குகளை அறிந்து, அது எந்தக் கட்டத்தில் அமைகிறது எனக் கண்டறிக.

நம்மை அளப்போம்

குறுவினா
1. 'ரேடியோ நெல்' – பெயர்க்காரணம் தருக.
2. விஸ்பர் செய்தியில் இடம்பெறும் மூன்று கூறுகள் யாவை?

சிறுவினா
3. காவிரிப் படுகையில் நிலமும் வானமும் நீண்ட அலைகளை எவ்வாறு பாதிக்கின்றன?

நெடுவினா
4. 'அமைதிக் காலப் பயிற்சியே பேரிடர் காலத் துணை' – பாடப்பகுதி வழிநின்று விளக்குக.