காட்டுப்பன்றியும் செப்புக் குண்டும்

பல்லடம் தாலூகாவில் மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் பன்றியினின்று காக்க, கையால் மருந்திட்ட செப்புக் குண்டை ரிவால்வரில் பரீட்சிக்க எண்ணுவோர் கவனிக்க வேண்டியவை:-

1. ஈயக் குண்டு சிதறி இறைச்சியில் நச்சுத் துணுக்குகளை விடும். செம்பு பெரும்பாலும் சிதறாது. ஆயினும் செம்பு இலேசானதாகையால், சம எடைக்கு நீண்ட குண்டு வேண்டும். அது தோட்டாவினுள் மருந்துக்குரிய இடத்தைக் குறைக்கும். ஈயத்திற்கிட்ட அளவு மருந்தையே இட்டால் அழுத்தம் மிகுந்து ரிவால்வர் வெடிக்கக்கூடும்.

2. வேகங்குறைந்த ரிவால்வரில் செப்புமுனை விரியாமற் போகலாம். ஆண் பன்றியின் தோட்புறத் தோலோ மிகத் தடித்தது. காயம்பட்ட பன்றி மனிதர்மேற் பாயும்.

3. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸின்றித் தோட்டா செய்தல் குற்றம்; 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றிப் பன்றியைக் கொல்லுதலும் குற்றம். 2025-ல் அரசாங்கம் வகுத்த முறைப்படி, காப்புக்காட்டினின்று 3 கிலோமீட்டருக்கு அப்பால் பன்றியைச் சுடுவோர் வனத்துறையினரே.

ஆகவே, சேதங்கண்டவுடன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரகரிடமும் மனுக்கொடுப்பதே உயிருக்கும் பயிருக்கும் நலம்.