கோட்டின் ஓரம் ஏன் வெளியே சுருள்கிறது?

கேள்வி: என் மகள் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். "கோட்டை அங்கே போய் வாங்கிக்கொள்கிறேன்" என்றாள். இருபது வருஷமாக ஊருக்கே ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிற எனக்கு மனசு கேட்கவில்லை. கனமான கம்பளித் துணி வாங்கி, முழங்கால்வரை வரும் கோட்டு ஒன்றை நானே தைத்தேன். அளவில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. ஆனாலும் முன் ஓரம் கீழே வெளிப்பக்கமாகச் சுருள்கிறது. காலர் படியாமல் எழும்பி நிற்கிறது. தோளில் கை சேருகிற இடம் சுருக்கு விழுந்து பஃப் கை மாதிரி இருக்கிறது. என்னிடம் இருப்பது பழைய கால் மிஷின். பவர் மிஷின் இல்லாததுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, மயிலாடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, 'கோட்டு சரியாக வரவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் உங்கள் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து மிஷினைத் திட்டியிருப்பேன். கோளாறு இருக்கும் மூன்று இடங்களையும் சரியாகத் தொட்டுக் காட்டிவிட்டீர்கள். அதனால் உங்கள் கால் மிஷின் தப்பித்தது.

அது நிரபராதி. மின்சாரம் வருவதற்கு முன்னால் குளிர்தேசத்துக் கோட்டுகள் பெரும்பாலும் மிதிமிஷினிலும் கையிலும் தைத்தவைதான். பவர் மிஷின் கூடுதலாகத் தருவது வேகம் மட்டுமே. 16 அல்லது 18 நம்பர் ஊசி போட்டு, தையலின் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கூட்டி, துணியை அமுக்கும் பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் உங்கள் மிஷின் இந்தத் துணியைத் தாராளமாகத் தைக்கும்.

கோளாறு உங்கள் இருபது வருஷ அனுபவத்தில் இருக்கிறது என்றால் கோபப்படக் கூடாது. ஜாக்கெட்டுக்கு மேல்துணியையும் லைனிங்கையும் ஒரே அளவில் வெட்டுகிறோம். சரியாக வருகிறது. அந்தப் பழக்கத்தில் கோட்டையும் அப்படியே வெட்டியிருக்கிறீர்கள். 'ஒரு நூல்கூடப் பிசகவில்லை' என்கிறீர்களே, பிசக வேண்டிய இடத்தில் பிசகாமல் போனதுதான் வினை.

கையில் இருக்கும் இந்த இதழையே நடுவில் வளைத்துப் பாருங்கள். எல்லாத் தாளும் ஒரே அளவுதான். ஆனாலும் ஓரங்கள் ஒன்றுக்கொன்று விலகிப் படிபடியாக நிற்கும். வளைவின் வெளிப்புறத்தில் இருக்கும் தாளுக்குப் போகிற தூரம் அதிகம், உள்ளே இருப்பதற்குக் குறைவு. துணிக்கும் இதே கணக்கு. இரண்டு அடுக்குத் துணியை முழுதாக மடித்தால், வெளி அடுக்கு உள் அடுக்கைவிடத் துணியின் கனத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு நீளமாக இருக்க வேண்டும். ஜாக்கெட் துணியின் கனம் கால் மில்லிமீட்டர் என்றால் வித்தியாசம் 1 மில்லிமீட்டர்கூட வராது, யாரும் கவனிக்கப்போவதில்லை. 2 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பளியில் அது 6 மில்லிமீட்டர், கிட்டத்தட்டக் கால் அங்குலம். கால் அங்குலம் குறைந்த மேல் காலர் அடிக்காலரைச் சுற்றிப் படிய முடியாமல் இழுபடும். உங்கள் காலர் எழும்பி நிற்பது இதனால்தான்.

முன் ஓரத்துக்கும் இதே காரணம்தான், ஆனால் திசை மாறுகிறது. முன்பக்கத்தின் உள்ளே வைத்துத் தைக்கும் பட்டையை ஃபேசிங் என்பார்கள். மார்புக்கு மேலே லேப்பல், அதாவது திரும்பி மடியும் பகுதி, இருக்கிறது அல்லவா, அங்கே மடிந்தபின் ஃபேசிங்தான் வெளியே தெரிகிறது. ஆகவே அங்கே ஃபேசிங் பெரிதாக, முன்துணி சிறிதாக இருக்க வேண்டும். முதல் பொத்தானுக்குக் கீழே நிலைமை தலைகீழ். அங்கே ஃபேசிங் உடம்பைப் பார்த்தபடி உள்ளே இருக்கிறது. அது 2, 3 மில்லிமீட்டர் சிறிதாக இருந்தால்தான் ஓரம் உள்நோக்கிப் படியும். சம அளவில் இருந்தால் உள்ளே மிஞ்சுகிற துணி, ஓரத்தை வெளியே தள்ளும். நீங்கள் பார்க்கும் சுருளல் அதுதான். இன்னொன்று, கனத்த துணியை இரட்டையாக மடித்துப் போட்டு வெட்டினால் மேல்துண்டும் கீழ்த்துண்டும் சற்றே வேறு அளவில் வரும். கோட்டுத் துணியை ஒற்றையாக விரித்தே வெட்ட வேண்டும்.

அளவைக் கூட்டிக் குறைத்தாலும் லேப்பல் தானாக உருண்டு விழாது. அதற்கு உள்ளே கேன்வாஸ் வேண்டும். நாகர்கோவிலில் கல்யாண மாப்பிள்ளைக் கோட்டுகளுக்குப் பெரும்பாலும் இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸைத்தான் வைக்கிறார்கள். அரைநாள் போட்டுக் கழற்றும் கோட்டுக்கு அது போதும். பனியிலும் மழையிலும் தினமும் நனைந்து காயும் கோட்டில், பசை விட்டுக் கொப்புளம் கிளம்ப வாய்ப்பு அதிகம். பழைய முறைக் கேன்வாஸ், ஊடையில் ஆட்டு முடியோ குதிரை முடியோ கலந்து நெய்தது. குறுக்கே வளைத்துவிட்டால் துள்ளி நிமிரும். அதைப் பேட் ஸ்டிட்ச் போட்டுப் பிடிப்பார்கள். லேப்பலை விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, கேன்வாஸ் பக்கமிருந்து வரிசை வரிசையாகப் போடும் சின்னச் சாய்தையல் அது. ஊசி, துணியில் ஓரிரு இழையை மட்டுமே கவ்வ வேண்டும், வெளியே தெரியக் கூடாது. வளைத்தபடியே தைப்பதால் அந்த வளைவு உள்ளே தங்கிவிடுகிறது. லண்டனில் கோட்டுக்குப் பேர்போன சாவில் ரோ தெருவில் இன்றும் இதைக் கையால்தான் செய்கிறார்கள்.

இதைப் படித்து மலைக்க வேண்டாம். மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த நாள் முதல், இழையை எண்ணி ஊசி போடும் பெண்களின் கை இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எம்ப்ராய்டரி செய்யத் தெரிந்த யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். கோட்டுத் தையற்காரரிடம் கேட்பதைவிடச் சீக்கிரம் வேலை நடக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இனி கை. கோட்டுக் கையின் மேல்வளைவு, அது சேரும் அக்குள்வட்டத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் நீளமாக வெட்டப்படும். தோள் உருண்டையாக இருப்பதால் அந்த மிச்சம் தேவை. நீங்கள் அதைக் கொசுவிச் சேர்த்திருக்கிறீர்கள், பஃப் வந்துவிட்டது. சேர்க்க வேண்டிய விதம் வேறு. ஓரத்தில் இரண்டு வரி நீளத் தையல் ஓட்டி, நூலை மெல்ல இழுத்து, மரத்தூளை இறுக்கித் திணித்த உருண்டைத் திண்டின்மேல் போடுங்கள். நனைத்துப் பிழிந்த துவர்த்தை விரித்து இஸ்திரிப் பெட்டியை வையுங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது. வைத்து அமுக்கி எடுக்க வேண்டும். கம்பளி, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் அதுதான். ஈரச்சூடு பட்டதும் அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் மெல்லிய பிணைப்புகள் தளர்கின்றன. ஆறிக் காயும்போது புதிய வடிவத்தில் மறுபடி கட்டிக்கொள்கின்றன. மிச்சத் துணி சுருக்கமில்லாமல் உள்ளே அடங்கிவிடும். ஆறுவதற்கு முன்னால் எடுத்துப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குச் சிரட்டைக்கரி போட்ட பழைய பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். அதன் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் கடைக்காரர் கம்பளி என்று தந்தது டெரிவுல்லாக இருந்தால், அதாவது பாலியஸ்டர் கலந்த துணியாக இருந்தால், இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, சூடு கூடினால் பளபளப்புத் தட்டும். வெட்டி எறிந்த துண்டில் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடையும், விரலில் நொறுங்கும் கரியும் வந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர்.

தைத்த கோட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. முன் ஓரத்தைப் பிரித்து, கீழ்ப்பகுதியில் ஃபேசிங்கையும், லேப்பலில் முன்துணியையும் நான் சொன்ன அளவுக்குக் குறைத்துத் தையுங்கள். அடிக்காலரிலும் கால் அங்குலம்வரை எடுங்கள். கையைப் பிரித்து ஆவி காட்டிச் சேருங்கள். சேர்ப்பதற்கு முன்னால் மகளுக்கு ஒரு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, அதன்மேல் கோட்டை மாட்டிப் பாருங்கள். ஃபேன் காற்றிலும் வியர்க்கும், திட்டுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள். குளிரைத் தடுப்பதில் கம்பளி பாதிதான். அடுக்குகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் மீதி. உடம்போடு ஒட்டித் தைத்தால் அந்தக் காற்றுக்கு இடம் இருக்காது.

பொத்தானைத் துணியோடு இறுக்கித் தைக்காதீர்கள். நடுவில் இரண்டு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு குச்சிகளை உருவிவிட்டு, தொங்கும் நூலைச் சுற்றிக் கட்டுங்கள். காஜா இருக்கும் பக்கத்துத் துணியும் ஃபேசிங்கும் கேன்வாஸும் சேர்ந்த கனத்துக்கு அந்த நூல் கழுத்தில் இடம் வேண்டும்.