மேகத்துக்குள் ஒரு நாடித்துடிப்பு

தோழியரே, ஆடி மாதத்தில் நம் மேற்கு மலையை மேகம் மூடினாலும் மலை அங்கேதான் இருக்கிறது அல்லவா? ஜி.எக்ஸ். 301-2 என்ற இரட்டை விண்மீனும் அப்படித்தான். அங்கே ஒரு பெருவிண்மீனை நியூட்ரான் விண்மீன் ஒன்று சுமார் 41.5 நாளில் சுற்றி வருகிறது. பெரியதிலிருந்து வீசும் வாயு சிறியதன்மேல் விழுந்து எக்ஸ்-கதிர்களை எழுப்புகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே வாயுதான் திரையாகவும் நிற்கிறது! மென்கதிர்களை அது விழுங்கிவிடும். வன்கதிர்கள் ஊடுருவி வந்துவிடும். ஏறத்தாழ 680 விநாடிக்கு ஒரு துடிப்பு. நம் முக்கால் மணி வகுப்பில் நான்கே! இக்கதிர்கள் காற்றுமண்டலத்தைக் கடந்து தரைக்கு வாரா. எனவேதான் நம் நாடு 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட்டை ஏவியது. அதன் கருவிகள் மென்கதிர், வன்கதிர் இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்கவல்லவை. மென்கதிர் எவ்வளவு குறைகிறதோ, அதைக் கொண்டே இடையிலுள்ள வாயுவின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.