குறவஞ்சியும் அடையாற்று அரங்கும்: நிகழ்த்துதல் நோக்கு

குறவஞ்சி பாடத்திட்டங்களில் சிற்றிலக்கியமாகவே இடம்பெறுகிறது. கட்டியக்காரன் வரவில் தொடங்கிச் சிங்கனும் சிங்கியும் கூடுவதில் நிறைவுறும் அதன் கட்டமைப்போ அரங்கிற்குரியது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கியின் காற்சிலம்பை விரியன் பாம்பெனச் சிங்கன் மிரளும் பகுதி இதற்குத் தக்க சான்று. ஏட்டில் அது வினாவிடை அடுக்கு. ஆடுகையிலோ குறி சொல்லிப் பரிசு பெற்றவளை அவையினர் முன்னரே கண்டுவிட்டனர். சிங்கன் ஒருவனே அறியாதவன். அவனது வெகுளித்தனத்தின் அடியில் கணவனின் ஐயமும் ஒலிக்கிறது. இந்த இரட்டைப் பொருளை உரையாசிரியர்களைக் காட்டிலும் நடிப்போரே எளிதில் உணர்த்த இயலும்.

1936இல் அடையாற்றில் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்ரா, தன் முதல் நாட்டிய நாடகமாக இந்நூலை 1944இல் அரங்கேற்றியது. வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். தேவதாசி மரபில் வந்த காரைக்கால் சாரதாம்பாளின் பயிற்சியும் அதற்குத் துணைநின்றது. இச்செய்தி போகிறபோக்கில் குறிக்கத்தக்கதன்று. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகரின் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலில் தேவதாசியரால் ஆடப்பட்டு வந்தது. ஆகவே 1944இன் நிகழ்வை ஓர் இலக்கியம் புதிதாக மேடை கண்டதாக மட்டும் கொள்வது பொருந்தாது. கோயிலில் ஆடுவோர் உடலில் தங்கியிருந்த அறிவு நகர அரங்கிற்குக் கைமாறியதன் ஒரு கட்டம் அது. மூன்றாண்டுகளில், 1947இல், தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

நிகழ்த்தியோரைப் போலவே சித்திரிக்கப்பட்டோரும் கருதத்தக்கவர். பிலிப்பைன்சின் ‘கொமேதியா’ என்னும் செய்யுள் நாடகம் ஊர்ப் புனிதர் விழாக்களில் ஆடப்படுவது. கிறித்தவ வீரரிடம் தோற்கும் ‘மோரோ’ என்னும் இசுலாமியப் பாத்திரத்தைக் கிறித்தவ ஊரினரே ஏற்று நடிப்பர். மோரோ மக்கள் காட்டப்படும் முறை குறித்து அந்நாட்டில் கண்டனம் எழுந்ததுண்டு. குறத்தி தோற்பவளல்லள், தலைவியே அவள் சொல்லுக்குக் காத்திருக்கிறாள். எனினும் குறவரைப் பிறர் எழுதிப் பிறர் ஆடினர் என்பதில் இரு மரபுகளும் ஒன்றுகின்றன. நம் குறவஞ்சி ஆய்வுகள் குறிஞ்சி வளத்தைப் பேசிய அளவிற்கு இதனைப் பேசவில்லை.

1911 முதல் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் குறவர் பிரிவினர் பலர் அறிவிக்கப்பட்டனர். காவல்துறையிடம் பெயரைப் பதிதலும், ஊர்விட்டு ஊர் செல்லக் கட்டுப்பாடும் அவர்தம் அன்றாடமாயின. அச்சட்டமும் 1947இல்தான் இம்மாகாணத்தில் நீங்கியது. தம் குலத்தார் மலைகளையே சீதனமாகக் கொடுத்தவர் எனப் பெருமிதம் பேசி, குறி சொல்லிய நாடுகளைச் சிங்கி வரிசைப்படுத்தும் பாடல்கள் அடையாற்றில் ஒலித்த 1944இல் அது நடைமுறையில் இருந்தது.