மனரம்மியம்: ஒரு சிறைக் கடிதத்தைப் பற்றிய ஆராய்ச்சி

நம் வளாகத்தில் தமிழ் மாணவர் இருவர் சந்தித்தால் முதலில் ஊர் எதுவெனக் கேட்பர். அடுத்து விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் குறைப்படுவர். மூன்றாவதாக வருவது கவலை. தேர்வு, வந்து சேராத உதவித்தொகை, வேலைக்கான நேர்காணல், இன்னும் நாவுக்கு வசப்படாத இந்தி என ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. இந்நிலையில், கவலைப்படாதே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று கிறிஸ்தவராகிய நாங்கள் சொல்லும்போது, கேட்பவர் செவிக்கு அது தப்பித்துக்கொள்ளும் வழியாகவே படுகின்றது. என் அறைத் தோழர் மதுரைக்காரர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர் ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டார்: "கவலையே இல்லாதவனுக்கு அக்கறையும் இராதே! உங்கள் சமயம் மனிதனை மரத்துப்போகச் செய்கிறதா?"

நியாயமான கேள்வி. கவலைப்பட வேண்டாம் என்ற அறிவுரையை இயேசு பெருமான் மலைப்பொழிவில் கூறினார். அதையே பின்னாளில் பவுல், பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தில் மீண்டும் எழுதினார். நான் எடுத்துக்கொள்வது இரண்டாவதை. ஏனெனில், அதை எழுதியவர் அப்போது கைதி.

கடிதம் மிகச் சிறியது, நான்கே அதிகாரம். சிறை இருந்த ஊர் உரோமா, எபேசுவா, செசரியாவா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. எதுவாயினும், தாம் விடுதலை பெறுவோமா, கொல்லப்படுவோமா என்பது பவுலுக்கே தெரியாது. முதல் அதிகாரத்திலேயே இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கின்றார். வெளியே சிலர் தமக்கு எரிச்சலூட்டவென்றே பிரசங்கம் செய்கின்றனர் என்றும் எழுதுகின்றார். பிலிப்பிச் சபையிலோ எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்மணிகளுக்குள் பிணக்கு. கவலைப்பட எல்லாக் காரணமும் அவருக்கு இருந்தது.

இனி, கவலை என்று மொழிபெயர்க்கப்படும் சொல்லைப் பார்ப்போம். மூலமாகிய கிரேக்கத்தில் அது 'மெரிம்னாவோ' என்னும் வினை. நான்காம் அதிகாரத்தில் வேண்டாம் என்று விலக்கப்படும் இதே வினையை, இரண்டாம் அதிகாரத்தில் தீமோத்தேயுவைப் புகழ்வதற்குப் பவுல் பயன்படுத்துகின்றார். பிலிப்பியரைப் பற்றி உண்மையாகக் கவலைகொள்ள அவரைப் போல் வேறொருவர் இல்லையாம்! ஆகவே, அக்கறையை அவர் விலக்கவில்லை என்பது தெளிவு. அவர் விலக்குவது, எங்கும் போய்ச் சேராமல் உள்ளத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் கவலையை. அதை வேண்டுதலாக்கி, நன்றியோடு சேர்த்துக் கடவுளிடம் தெரிவிக்கச் சொல்கின்றார். கவலைக்கு ஒரு முகவரி கொடுக்கிறார் எனலாம்.

இக்கடிதத்தில் என்னை மிகவும் கவர்ந்தவர் எப்பாப்பிரோதீத்து. பிலிப்பியர் திரட்டிய உதவியைச் சிறையிலிருந்த பவுலிடம் சேர்த்தவர் அவர். போன இடத்தில் சாகும் தறுவாய்க்கு நோயுற்றார், பிறகு பிழைத்தார். ஆனால் அவரை வாட்டியது நோயன்று. தாம் நோயுற்ற செய்தி ஊருக்கு எட்டிவிட்டதே என்ற வருத்தம். காய்ச்சலை அம்மாவிடம் மறைத்துப் பேசிய விடுதி மாணவர் யாருக்கும் இது விளங்கும்! அவருடைய வாட்டத்தைக் குறிக்கப் பவுல் ஆளும் வினை, கெத்செமனே தோட்டத்தில் இயேசு பெருமான் அடைந்த கலக்கத்தைச் சொல்ல மத்தேயுவும் மாற்கும் ஆளும் அதே வினையாகும். பவுல் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் குறைந்தவர் என்று சொல்லவுமில்லை. அவர் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்றும், அவரை ஊருக்கு அனுப்பினால் தம் துக்கமும் குறையும் என்றும் எழுதுகிறார். மரத்துப்போனவர் எழுதும் எழுத்தா இது? மதுரைத் தோழரிடம் நான் காட்டியது இந்த இடத்தைத்தான்.

அடுத்து, அமைதி எங்ஙனம் வருகின்றது? தேவ சமாதானம் உள்ளத்தையும் சிந்தையையும் காக்கும் என்கிறார். 'காத்தல்' என்பதற்கு அவர் எடுத்த சொல் படைத்துறைச் சொல். தம்மைப் பிடிக்கத் தமஸ்கு நகரைக் காவல் செய்வித்த அதிகாரியைப் பற்றி வேறொரு கடிதத்தில் எழுதும்போதும் இதே சொல் வருகின்றது. பிலிப்பியோ, கி.மு. 42-இல் நடந்த போருக்குப்பின் உரோமப் படைவீரர்களைக் குடியேற்றிய ஊர். சொல்லின் பொருள் அவர்களுக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும். காவலன் வாயிலில் நிற்பதால் பகைவன் இல்லாமற் போய்விடுவதில்லை.

சென்ற ஆண்டு என் தந்தையாருக்கு இருதய அறுவை நடந்த வாரமே எனக்குப் பருவத் தேர்வும் வந்தது. ஊருக்குப் போக இரண்டு இரவு இரயிலில் கழிய வேண்டும். அவரோ வரக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜெபித்தேன், உறக்கம் வரவில்லை. ஆயினும் காலையில் எழுந்து தேர்வு மண்டபத்துக்கு நடக்க முடிந்தது, கேள்வித்தாளைப் படிக்க முடிந்தது. பெரிய அற்புதம் ஒன்றும் நிகழ்ந்ததாக நான் சொல்ல வரவில்லை. காவல் என்ற சொல்லுக்குப் பொருள் எனக்கு அன்று அவ்வளவில் விளங்கிற்று.

இறுதியாக, தலைப்பிலுள்ள சொல். எந்நிலையிலும் நிறைவோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதுமிடத்தில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'மனரம்மியம்' என்ற அழகிய சொல்லை இடுகின்றது. மூலச் சொல் தன்னிறைவு எனப் பொருள்படும். ஸ்டோயிக் தத்துவவாதிகள் போற்றிய சொல். பவுலின் காலத்தவரான செனெக்கா அவர்களுள் ஒருவர். (கொரிந்துவில் பவுலின் வழக்கைத் தள்ளுபடி செய்த கல்லியோ, செனெக்காவின் அண்ணன்தான்!) நமக்கோ வள்ளுவரின் இடுக்கணழியாமை அதிகாரம் நினைவுக்கு வரும். அவர்கள் வேண்டுவது உள்ளத்தின் சொந்த வலிமை. பவுல் அவர்களுடைய சொல்லையே எடுத்துக்கொண்டு, வலிமை தருபவர் வேறொருவர் என்று அடுத்த மூச்சிலேயே கூறிவிடுகிறார். அத்தோடு, உதவி அனுப்பிய நண்பர்களுக்கு நன்றியும் சொல்கின்றார். தன்னிறைவு பெற்றவர் பிறர் தந்ததை மகிழ்ந்து பெற்றுக்கொள்ளும் காட்சி வியப்புக்குரியதன்றோ!

'கற்றுக்கொண்டேன்' என்பதையும் கவனியுங்கள். அது ஒரே இரவில் இறங்கிய வரமன்று. பசியிலும் நிறைவிலும் பழகிப் பெற்றது. அடுத்த வரியில் அவர் ஆளும் இன்னொரு வினை, மறைபொருள் சமயங்களில் தீட்சை பெறுவதைக் குறிப்பது. தேர்வு நெருங்கும் இந்நாட்களில் இக்கடிதத்தைப் படிக்க விரும்புவோர் நான்காம் அதிகாரத்துக்கு நேரே தாவாமல், இரண்டாம் அதிகாரத்து எப்பாப்பிரோதீத்துவை முதலில் சந்தித்துவிட்டு வரலாம். முழுவதையும் படிக்க இருபது நிமிடம் போதும்.